காதில்லாத கிடை

வெள்ளத்தில் செத்த ஆடுகள் ஏழாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஆற்றிலிருந்து கரையேறி வந்தபோது மேலத்திடல் ஊர் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்குக் கிடை யார் வயலில் என்பதுதான். எப்படி வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நாய் ஓட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும்தான் பார்த்தார்கள்.

முழங்கால் உயரம் எட்டாத நாய். தேங்காய் நார் நிறத்தில் முதுகு, வெள்ளை நெஞ்சு, நட்டுவைத்த மாதிரி இரண்டு காது, வால் என்று ஒன்று கிடையாது. அது தண்ணீருக்குள் இறங்கி, முன்னால் போகிற ஆட்டின் குதிகாலில் ஒரு கடி, பக்கத்தில் விலகுகிற ஆட்டின் குதிகாலில் ஒரு கடி, பின்னால் தேங்குகிற கிழட்டு ஆட்டின் குதிகாலில் இரண்டு கடி என்று கடித்துக் கடித்து, வயிறு ஊதிய ஆடுகளையும் கண்ணை மீனுக்குக் கொடுத்த ஆடுகளையும் கொம்பில் பாசி தொங்கும் கிடாய்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படியையும் கரைமேல் ஏற்றி, கரையிலிருந்து இறக்கி, வாய்க்கால் ஓரமாகவே நடத்திக்கொண்டு வந்து ஊர் எல்லையில் நிறுத்தியது. ஆடுகள் கத்தவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும், தூறல் மாதிரி, தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

சேவுகன் கரையில் நின்றிருந்தான். அவன்தான் கீதாரி. மேற்கே வறட்டு நாட்டிலிருந்து மந்தையை ஓட்டிவந்து, ஊர் ஊராக, வயல் வயலாக, உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுகிறவன். அவன் ஆடுகளை எண்ணவில்லை. மந்தையின் கடைசியில், தண்ணீர் தளும்பும் இடத்தில், ஒரு பொம்பளை வருகிறாளா என்று பார்த்தான். வரவில்லை. நாய்தான் கடைசி.

அதே தண்ணீரில் போனவள் அவன் பொண்டாட்டி ராக்கு. ஆடுகளின் உடம்பு கிடைத்தது. அவள் உடம்பு கிடைக்கவில்லை. இத்தனையைக் கொண்டுவந்த நாய் அவளையும் கொண்டுவரும் என்பது அந்த நிமிஷமே அவனுக்கு உறுதியாகிவிட்டது. வந்தால் அவளிடம் சொல்ல அவனுக்கு ஒரு பேச்சு இருந்தது. அதைச் சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நாய் வந்த கதை சின்னது. மாசி மாதம், தஞ்சாவூர் ரோட்டோரம் கிடை போட்டிருந்தபோது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் குணசீலன் இறங்கி, பின்கதவைத் திறந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கீழே விட்டான்.

"ஆட்டுக்காரரே, நாய் வேணுமா?"

ராக்கு குனிந்து பார்த்தாள். "ஏந்தம்பி, அது குழிக்குள்ள நிக்குதா?"

"இல்லக்கா, உசரமே அவ்வளவுதான்."

"காலை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீகளா?"

ராக்குவின் தம்பி இருளாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். "எக்கா, இது நாயில்ல. நரியும் முயலும் ஓடிப்போயிப் பெத்தது."

குணசீலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க. சீமைச் சாதி. அரண்மனையில வளர்த்த இனம்" என்று ஆரம்பித்து, மகனோடு வெளிநாடு போய்விட்ட அவன் முதலாளி டாக்டரம்மா விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த நாடு மழையும் மேடுமான நாடு, அங்கே ஒரு காலத்தில் நிலமெல்லாம் ராஜாவுக்கு, குடியானவனுக்குக் கைப்பிடி நிலம்தான், மிச்சமெல்லாம் பொது மேய்ச்சல். அந்த மேய்ச்சலில் தன் மாட்டை ஓட்டவும் அடுத்தவன் மாட்டை விரட்டவும் இதை வளர்த்தார்கள். மாட்டின் குதிகாலைக் கடிக்கும், மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும், குட்டையாக இருப்பதே அதுக்குத்தான். மாட்டை மட்டுமில்லை, வாத்தைக்கூடச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போகும். மயிர் இரண்டடுக்கு, மேலது மழைக்கு, அடியில் இருப்பது குளிருக்கு. கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதைகள் இதன்மேல் ஏறிச் சவாரி போவதாக அந்த ஊரில் ஒரு கதை, அதோ பாருங்கள், தோள்பட்டைக்குப் பின்னால் சேணம் வைத்த தடம்.

"கதை கிடக்கட்டும். என்ன திங்கும்?" என்றான் சேவுகன்.

"எதுன்னாலும் திங்கும் ஐயா. ஒரே ஒரு தொல்லைதான். வீட்டுக்கு யார் வந்தாலும் குதிகாலைக் கடிச்சுக் கடிச்சு ஒரு மூலையில கொண்டுபோயி நிறுத்திடும். போன பிறந்தநாளுக்கு வந்த முப்பது பேரையும் மாடிப்படிக்குக் கீழ அடைச்சிருச்சு. அதுல ஒருத்தர் ஜட்ஜு."

"விட்டுட்டுப் போ" என்றாள் ராக்கு.

டிரைவர் சொன்ன இங்கிலீஷ் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஊர் மணியக்காரர் மாதிரி எல்லாரையும் விரட்டுகிற நடையைப் பார்த்து ராக்குதான் மணியாரர் என்று பேர் வைத்தாள். "வாங்க மணியாரரே, கஞ்சி குடிங்க" என்பாள். நம் பக்கத்துக் கிடை நாய் காவலுக்கு. குரைக்கும், நரியை விரட்டும், மேய்ச்சல் அதன் வேலை இல்லை. இது வேறு. பத்தே நாளில் மந்தை அதன் கைக்குள் போய்விட்டது, வெள்ளாமையில் வாய்வைக்கப் போகிற ஆட்டைப் போவதற்கு முன்னாலேயே திருப்பிவிடும், ரோட்டைக் கடக்கையில் லாரிக்கு ஒரு பக்கமும் மந்தைக்கு ஒரு பக்கமும் தானே ஒதுக்கும், இருளாண்டி வேலையில்லாமல் மரத்தடியில் படுத்துத் தொப்பை வளர்த்தான். ஒன்று குறைந்தால் அதுக்கு நிலைகொள்ளாது. ராக்கு காலையில் ஒதுங்கப் போனால்கூடப் பாதிவழியில் மறித்து, குதிகாலைக் கடித்து, திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடும். அவள் திட்டுகிற திட்டு நாலு வயலுக்குக் கேட்கும். சேவுகன் எரிச்சலில் எத்தனையோ தடவை உதைத்திருக்கிறான். ஒன்றும் பட்டதில்லை. காற்றைத்தான் உதைத்தான்.

ஆடி மாதம் இரண்டு நாள் மழையில் மேலத்திடல் வயலெல்லாம் சேறாகிவிட்டது. ஆடு சேற்றில் படுக்காது. கிடையை ஆற்று மணலுக்கு இறக்கினார்கள். ஆறு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. மேலே எங்கேயோ அணை நிரம்பித் திறந்தார்கள். ஊர்களுக்குச் சொன்னார்கள். மணலில் படுத்திருப்பவன் எந்த ஊர்? அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

விடியக் கருக்கலில் நாய்க்குத் தெரிந்துவிட்டது. இருளாண்டியின் குதிகாலைக் கடித்தது, சேவுகனின் குதிகாலைக் கடித்தது, ராக்குவின் குதிகாலைக் கடித்தது, தூக்கத்தோடு மூன்று பேரும் திட்டத் திட்டக் கரைக்கு ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தது. ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் அப்போதுதான் கேட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர் மணலில் ஓடிவந்தது. ஆடுகள் எழுந்துகொண்டன. குட்டிகள் எழுந்து ஓட முடியாது. நாற்பத்தொரு குட்டி, குடாப்புக்குள்; குளிருக்கும் நரிக்குமாக மேலே கவிழ்த்துப் போடும் பெரிய கூடைக்குள் கத்திக்கொண்டிருந்தன.

"குட்டி! குட்டியத் தூக்கு புள்ள!" என்று சேவுகன் கத்தினான்.

ராக்கு திரும்பி இறங்கினாள். நாய் குறுக்கே பாய்ந்து அவள் குதிகாலைக் கவ்வியது. சேவுகன் உதைத்தான். அதுவரைக்கும் படாத உதை அன்றைக்குப் பட்டது. நாய் உருண்டு கரையின் மறுபக்கம் விழுந்தது. ராக்கு ஒரு கூடையைத் தூக்கினாள், இரண்டாவது கூடையைத் தூக்கினாள், மூன்றாவது கூடைக்குக் குனிந்தாள், அப்புறம் ராக்கு இல்லை, கூடை இல்லை, ஆடு இல்லை, மணல் இல்லை, அக்கரை வரைக்கும் செம்மண் தண்ணீர்தான் இருந்தது. இருளாண்டி எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்ததை அவன் வாயால் சொல்லவில்லை. சேவுகன் அவன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

மந்தையில் இருந்த ஆடுகள் சேவுகனின் சொந்த ஊரில் பதினோரு வீட்டு ஆடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் ஒரு குறி: ஒரு வீட்டுக்கு நுனி வெட்டு, ஒரு வீட்டுக்குப் பக்க வெட்டு, ஒரு வீட்டுக்கு நடுவில் துளை. வெளியூரில் ஆடு செத்தால் குறிபோட்ட காதை அறுத்துக்கொண்டுபோய் உடையவனிடம் காட்ட வேண்டும். காது இல்லாவிட்டால் ஆட்டை விற்றுத் தின்றுவிட்டான் என்று அர்த்தம். அதுதான் வழக்கம். இரண்டு மைல் கிழக்கே மதகில் ஆடுகள் வந்து அடைத்துக் கிடந்தன. சேவுகனும் இருளாண்டியும் அரிவாளோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு நாள் அறுத்தார்கள். எந்த வீட்டுக் குறி எந்தக் காதில் என்று புரட்டிப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. இரண்டு காதையும் அறுத்தார்கள். உப்புப் போட்டு உரச்சாக்கில் கட்டி இருளாண்டி ஊருக்குப் பஸ் ஏறினான்.

"மூட்டையில என்னய்யா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"காதுங்க."

"லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

அதனால்தான், ஏழாம் நாள் மந்தை திரும்பி வந்தபோது, சேவுகன் நாக்கை மடித்து அவன் வழக்கமான குரலைக் கொடுத்தும் ஓர் ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலுக்கு முந்நூறு தலையும் ஒரே தலை மாதிரித் திரும்பும். இப்போது திரும்பக் காது இல்லை. அவன் அறுத்த காது மேற்கே போய்விட்டது. செத்த ஆட்டோடு பேச இனி குதிகால் ஒன்றுதான் வழி, அந்தப் பேச்சுத் தெரிந்தது அந்தக் குட்டை நாய் ஒன்றுக்குத்தான்.

முதல் கிடை தியாகராசு வயலில். ஊரில் பாதி நிலம் அவருடையது, பேச்சில் முக்காலும் அவருடையது.

"கீதாரி, நட்ட வயல்ல கிடை போடலாங்களா?"

"ஆடு நாத்தத் தின்னுரும்ல."

"இது எங்க திங்கப்போவுது?"

திங்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடும் நடவு வரிசைக்கு நடுவே தண்ணீரில் நின்றன, ஒரு நாற்றுக்கூடச் சாயவில்லை, விடிந்ததும் யாரும் ஓட்டாமலே வடிகிற தண்ணீர் மாதிரித் தாங்களாகவே ஆற்றுக்கு இறங்கிப் போயின, வயல் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரிக் கறுத்திருந்தது. கிடை போட்ட எட்டாம் நாள் பயிர் கருநீலமாக எழுந்து நின்றது. நட்ட வயலில் கிடை போட்ட ஊர் உலகத்தில் உண்டா? மேலத்திடலில் அப்புறம் வேறு பேச்சு இல்லை. கோயிலில் கூடி முறை வைத்தார்கள், முறைக்குச் சண்டை வந்தது, சண்டையில் இரண்டு மண்டை உடைந்தது, ஒரு கல்யாணத் தேதியைக் கிடைத் தேதிக்காகத் தள்ளிப்போட்டார்கள், பேசாமல் இருந்த அண்ணன் தம்பி அடுத்தடுத்த முறை வாங்குவதற்காகப் பேசிக்கொண்டார்கள். விவசாய ஆபீசிலிருந்து வந்த ஒருவர் வரப்பில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார், நோட்டில் ஆட்டுக்கிடை என்று எழுதினார், செத்தது என்று எழுத அதில் இடம் இல்லாததால் மூடிக்கொண்டு போனார். ஊரில் துணி காயவில்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஈர ஆட்டு வாடையில் டீ இறங்கவில்லை என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். பயிரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நாய்க்கு ஓலைக் கொட்டகை போட்டார்கள். தயிர்சோறு வந்தது, அவித்த முட்டை வந்தது, வெள்ளிக்கிழமை கழுத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள்.

நாய் கொட்டகையில் தங்கவில்லை. மந்தையைக் கொண்டுவந்து நிறுத்திய கையோடு கரைக்குத் திரும்பி, கிழக்கே தண்ணீர் போகிற பக்கம் பார்த்து நிற்கும். எது குறைகிறது என்று அதுக்குத் தெரியும். சேவுகனுக்கும் தெரியும். நாற்பத்தொரு குட்டி, ஒரு பொம்பளை.

"போ" என்பான் சேவுகன். "போயிக் கூட்டியா."

நாய் போகும். ஒவ்வொரு நாளும் கூடக் கொஞ்சம் தூரம் போனது. வயிற்று மயிர் உதிர்ந்து விலா தெரிந்தது, பாதம் வெடித்தது, தயிர்சோற்றை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. சேவுகன் அதைத் தடவிக் கொடுக்கவில்லை, ஒருநாள் போகாதே என்றும் சொல்லவில்லை. "போ" என்ற ஒரு சொல்லோடு அவன் நாற்பது நாளைக் கழித்தான்.

மந்தை திரும்பி வந்த நாற்பத்துமூன்றாம் நாள், களை பறித்துவிட்டுக் கரையேறிய அஞ்சம்மை கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"கீதாரி, உங்க வீட்டுல வராங்க பாருங்க."

ராக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலைமுடியில் கோரை சிக்கியிருந்தது, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி. மிச்சக் குட்டிகள் அவளைச் சுற்றி. அவளுக்குப் பின்னால் நாய், அவள் ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கடி. அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். சேவுகன் எழுந்தான். வாயைத் திறந்தான். அவள் அவனைத் தாண்டி, சறுக்கலில் பார்த்துக் கால்வைத்து இறங்கி, வயலுக்குள் போய்த் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள்.

ஊர் அவளையும் சேர்த்துக்கொண்டது. ஆட்டோடு ஆள் வருவது புதிதா என்ன? அஞ்சம்மை வரப்பில் சோறு வைத்தாள், காக்கை தின்றது. யாரோ ஒரு மாற்றுச் சேலை கொண்டுவந்து வைத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் பயிர் ஒரு சாண் கூடுதலாக வளர்ந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் வயலில் நடுவில் உட்காரச் சொல்லுங்கள் கீதாரி என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள்.

சேவுகன் மூன்று சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தான். நாலாவது சாயங்காலம் தண்ணீருக்குள் இறங்கினான்.

"ஏ புள்ள."

"என்ன?" ராக்கு திரும்பவில்லை. ஒரு குட்டியின் மூக்கிலிருந்து மணலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் போகச் சொன்னேன்."

"எங்க?"

"குட்டியத் தூக்கச் சொல்லிக் கத்துனேன்ல. உன்னைய நாயி கரைக்குக் கொண்டாந்து சேத்துருச்சு. நான் நாயையும் உதைச்சு, உன்னையும்…" ஐம்பது நாள் வாய்க்குள் வைத்திருந்த பேச்சு அவ்வளவுதான் இருந்தது.

ராக்கு இப்போது திரும்பினாள். கன்னத்தில் நத்தை ஒன்று ஒட்டியிருந்தது.

"நீ சொல்லி நான் என்னைக்குய்யா கேட்டிருக்கேன்? இருவத்தாறு வருசத்துல ஒருநாளு சொல்லு. குட்டி கத்துச்சு, எறங்குனேன். நீ கத்துனது தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்ல."

சேவுகன் நின்றான். தலைச்சுமையை யாரோ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கழுத்து இன்னும் சுமக்கிற மாதிரியே விறைத்து நின்றது.

"அப்ப வந்துரு" என்றான்.

"எங்க வர?"

சேவுகன் மேற்கே பார்த்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு" என்றாள் ராக்கு. "நாயக் கட்டு."

"என்னது?"

"நாயக் கட்டுய்யா. அங்க அடி மணல்ல நாங்க பாட்டுக்குக் கெடக்கோம். பொழுது சாஞ்சாப் போதும், மணியாரு வந்துருதாரு. கடிச்சுக் கடிச்சு ஏத்துதாரு. செத்தா வலிக்காதுன்னு நெனச்சியா? இந்தா, பாரு."

அவள் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். குதிகாலில் தோல் இல்லை. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. சேவுகன் குனிந்து பக்கத்து ஆட்டின் காலைத் தூக்கிப் பார்த்தான். அதுக்கும் அப்படி. அடுத்த ஆடு, அதுக்கும் அடுத்த ஆடு, கொம்பில் பாசி தொங்கும் கிடாய், எல்லாவற்றுக்கும் அப்படி. இத்தனை நாளும் அவன் மந்தையின் கடைசியைத்தான் பார்த்தான். காலைப் பார்க்கவில்லை.

"இதுக கத்தக்கூட மாட்டேங்குது" என்றாள் ராக்கு. "காதில்லாததுகளுக்குத் தன் சத்தம் தனக்கே கேக்காதுல்ல. கேக்காத சத்தத்த எதுக்குப் போடணும்?"

மறுநாள் காலையில் சேவுகன் தியாகராசு வீட்டுக்குப் போனான்.

"கிடைய நிறுத்தணுங்க."

"என்ன சொல்றீங்க? பயிரு பொதி கட்டிக் கதிர் வாங்கப்போற நேரம். இன்னும் பதினாறு வயல் இருக்கு. முறை வச்சாச்சு."

"வலிக்குதுங்க."

"யாருக்கு?"

"ஆட்டுக்கு. அவளுக்கு."

தியாகராசு கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "செத்தவங்க வலிய யாரால தீக்க முடியும் கீதாரி? பதினாறு வீட்டுல அடுப்பு எரியணும். பதினாறே நாளு பொறுத்துக்கச் சொல்லுங்க. உங்க சம்சாரம் நல்லவங்க, கேப்பாங்க."

சேவுகன் நாயைப் புளியமரத்தில் கட்டினான். அன்றைக்குக் கிடை முறைக்காரன் வந்து அவிழ்த்துவிட்டான். மறுநாள் சங்கிலி போட்டுக் கட்டினான். முறைக்காரன் ரம்பத்தோடு வந்தான். மூன்றாம் நாள் சேவுகன் நாயைப் பிடித்துக்கொண்டு தானே உட்கார்ந்தான். நாலு பேர் வந்து, மரியாதையாக, கையைப் பிரித்து எடுத்தார்கள். மூன்று சாயங்காலமும் மந்தை வந்தது. மூன்று சாயங்காலமும் ராக்கு அவனைத் தாண்டிப் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

நாலாம் நாள் உச்சிவெயிலில், ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், நாயை ஒரு கூடையில் போட்டுக் கூடையின் வாயைக் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தான். அத்தனூண்டு நாய், கனம் ஒரு கிடாயின் கனம். வாய்க்கால் பாலத்தில் பார்த்துவிட்டார்கள். எல்லை வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள், கெஞ்சினார்கள், பதினாறு நாளைப் பத்தாகக் குறைத்தார்கள், பத்தை ஐந்தாகக் குறைத்தார்கள், அஞ்சம்மைகூட வாய்விட்டு அழுதாள், அவள் குத்தகை வயலுக்கு மறுநாள் முறை. கடைசியில் ஒரு மண்ணாங்கட்டி வந்து அவன் முதுகில் விழுந்தது. அவன் திரும்பவில்லை. அந்தப் பதினாறு வயலும் அந்த வருஷம் எல்லா ஊர் வயலும் விளைகிற மாதிரி விளைந்தன என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் கூடைக்குள் நாய் கிழக்கே திரும்பிக்கொண்டது. ஊளையிட்டது. சேவுகன் ரோட்டோரம் உட்கார்ந்து, அதை வெளியே எடுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கி, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டான். அது கடித்தது. மணிக்கட்டில் கடித்தது, முழங்கையில் கடித்தது, அவன் விடவில்லை. நன்றாக இருட்டியதும் அதன் உடம்பு தளர்ந்தது. அவன் கொடுத்த பன்னைத் தின்றது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் மறுபடி.

சொந்த ஊரில் அவனுக்கு மறுபடி ஆடு தருவதாகத்தான் சொன்னார்கள். காதெல்லாம் சரியாக வந்து சேர்ந்தது, உன்மேல் சந்தேகம் இல்லை என்றார்கள். ஆடு வேண்டாம் என்றுவிட்டான். விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குக் காவல் இருந்தான். ராக்குவுக்குச் செய்யவேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் மச்சான், எத்தனை நாள் அப்படியே கிடக்கும் என்று இருளாண்டி வந்து கேட்டான். "பாப்பம்" என்றான். அடுத்த வருஷமும் கேட்டான். "பாப்பம் மாப்ள" என்றான்.

ஒன்பது வருஷம். வேறு எந்த வேலை இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டு, குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து, நாயை முழங்காலுக்கு நடுவே வாங்கி இரண்டு கையாலும் வளைத்துக்கொள்வான். நாய் கிழக்கே இழுக்கும். இழுக்கிறது என்றால் அங்கே இன்னும் கூட்டிவர ஆள் இருக்கிறது. கையை விட்டால் நாலு நாளில் போய்ச் சேர்ந்துவிடும், போனால் கொண்டுவந்துவிடும், கொண்டுவந்தால் நொண்டிக்கொண்டு வருவாள், வந்தாலும் திட்டுவாள், திட்டுவதைக் கேட்கலாம். சில சாயங்காலம் அவன் கை தளர்ந்தது. தளர்ந்ததை அவனே பார்த்தான், பார்த்து இறுக்கிக்கொண்டான். போகிறவர்கள் வருகிறவர்கள், கிழவன் நாயை எப்படிக் கொஞ்சுகிறான் பார் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

நாய்க்குக் கண் மங்கியது. அந்த நீள முதுகு விழுந்துவிட்டது, அந்தச் சாதிக்கு வயதானால் முதுகுதான் முதலில் போகும். பின்னங்காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தது. அப்போதும் பொழுது சாய்ந்தால் முன்னங்காலால் மண்ணைப் பறித்துக் கிழக்கே இழுத்தது.

பங்குனியில் ஒருநாள் சேவுகன் வழக்கம்போல உட்கார்ந்து, நாயை வாங்கி, கையை வளைத்தான். இழுப்பு வரவில்லை. இறுக்கிப் பார்த்தான். இல்லை. குப்பைமேட்டில் மேய்கிற ஒரு கோழியை அது பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தான். நாய் அங்கேயே படுத்தது. நன்றாக இருட்டும் வரைக்கும் அவன் அசையாமல் காத்திருந்தான்.

"போ" என்றான், ரொம்ப நாளைக்கு அப்புறம். "போயிக் கூட்டியா."

நாய் அவன் பாதத்தின்மேல் முகவாயை வைத்துத் தூங்கிவிட்டது.

விடிந்ததும் முடிவெட்டுகிற சங்கிலி என்பவனை வரச்சொல்லி, கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தான்.

"மொட்டையாண்ணே? யாருக்கு?"

"எம்பொண்டாட்டிக்கு."

"அண்ணி போயித்தான் எட்டு, ஒம்பது வருசமாச்சே."

"நேத்துப் பொழுது சாயத்தான் செத்தா" என்றான் சேவுகன்.

சங்கிலி கையில் தண்ணீரை அள்ளி அவன் தலையை நனைத்தான்.